வராத ரயிலும் வராத டான் ஸ்ரீயும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, பெரும்பாலான ரயில்கள் சரியான நேரத்துக்கு ஓடுவதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். நான் காலையில் வேலைக்குப் போகும் ரயில் மட்டும் வாரத்தில் மூன்று நாள் தாமதம். கணக்கு பொய்யா, இல்லை என் ராசி அப்படியா?
– தினமும் நிற்பவன், கோலாலம்பூர்

பதில்: ராசி விவகாரத்துக்குக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிறது. எந்த ரயில் என்று நீங்கள் எழுதவில்லை, நல்லதாகப் போயிற்று. என்னைப் பிடித்து நிறுத்தியது 'சரியான நேரம்' என்று எழுதினீர்களே, அது.

சரியான நேரம் ஊருக்கு ஊர் வேறு. சுவிட்சர்லாந்தில் 3 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரி. ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குள். பிரிட்டனில் நெடுங்காலம் புறநகர் ரயிலுக்கு 5 நிமிடம், தொலைதூர ரயிலுக்கு 10 நிமிடம் என்று சலுகை கொடுத்து வைத்திருந்தார்கள். (ஜப்பான் கதையை நான் சொல்லப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே நாலு தடவை வந்திருக்கும்.) இதில் ஜெர்மன்காரர்களின் கணக்கில் ஓர் அழகு உண்டு: ரத்தான ரயில் தாமதக் கணக்கில் சேராது. ஏழு நிமிடம் பிந்தி வந்தால் குற்றவாளி. வரவே இல்லையென்றால் நிரபராதி.

இதைப் படித்த அன்றுதான் எனக்கு நம்முடைய தமிழ் விழாக்கள் புரிந்தன. அழைப்பிதழில் 'மிகச் சரியாக மாலை 7.00 மணிக்கு' என்று போட்டிருப்பார்கள். 'மிக' என்று ஒரு சொல் முன்னால் வந்துவிட்டால் எட்டரைக்கு முன் குத்துவிளக்கு ஏறாது என்பது என் முப்பது வருட அனுபவம். தலைமை தாங்கும் டத்தோ பட்டக்காரர் 8.40-க்கு வருவார். மாலை, பொன்னாடை, படம், ஐந்து நிமிடப் பேச்சு, அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பாடு. இவர் தாமதக்காரர், ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினரான டான் ஸ்ரீ, அதாவது டத்தோவுக்கும் மேலான பட்டக்காரர், வரவே மாட்டார். ஜெர்மன் கணக்குப்படி அவருக்கு நூற்றுக்கு நூறு. அவருக்குப் பதிலாக ஒரு பிரதிநிதி வந்து உரையை வாசிப்பார் பாருங்கள், அவர்தான் ரயில் ஓடாத நாளில் விடுகிற மாற்றுப் பேருந்து. போகிற ஊர் அதே ஊர்தான், ஆனால் ஏறியவர்கள் முகத்தில் களை இருக்காது. ஆறே முக்காலுக்கே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் நீங்கள். கடைசியில் கிடைப்பது ஆறிப்போன மீகூன் (அரிசி சேமியா).

முன்பு ஒரு விழாக்குழுச் செயலாளரிடம் இதைக் கேட்டேன். 'ஐயா, போன வருடம் ஒன்பது மணிக்குத் தொடங்கினோம், இந்த வருடம் எட்டரை. முன்னேற்றம்தானே?' என்றார். ரயில் நிர்வாகத்தில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருந்திருக்கும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் ரயிலை எண்ணுகிறார்கள், நீங்கள் ஆள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பகலில் பத்து ரயில், ஒவ்வொன்றிலும் 20 பேர், எல்லாம் நேரத்துக்கு ஓடின. காலை நெரிசலில் இரண்டு ரயில், ஒவ்வொன்றிலும் 800 பேர், இரண்டும் தாமதம். பன்னிரண்டில் பத்து சரி, 83 விழுக்காடு என்று அறிக்கை எழுதலாம். ஆட்களை எண்ணினால் 1,800 பேரில் 200 பேர்தான் நேரத்துக்குப் போனார்கள். 11 விழுக்காடு. இரண்டு கணக்கும் உண்மை.

அப்புறம், எங்கே நின்று மணி பார்க்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பல இடங்களில் கடைசி ஸ்டேசனில்தான் பார்ப்பார்கள். அதனால் கடைசி இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே அட்டவணையில் சில நிமிடங்களைத் தாராளமாகச் செருகி வைக்கும் வித்தை உலகமெங்கும் உண்டு. வழியில் இழந்ததை அங்கே பிடித்துவிடலாம். நடுவழியில் இறங்கி ஓடும் உங்களுக்கு அதனால் காலணா லாபம் இல்லை.

காலை ரயில் மட்டும் ஏன் சிக்குகிறது? ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் மேடையில் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் கதவு மூட நேரமாகும். கதவு மூட நேரமானால் அடுத்த ஸ்டேசனில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் ரயில் பாதி காலியாக இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். தடத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் இன்னும் கஷ்டம். ரவாங்குக்கும் சிரம்பானுக்கும் இடையே புறநகர் ரயிலான கொமுட்டர், தொலைதூர விரைவு ரயிலான ஈடிஎஸ், சரக்கு ரயில் எல்லாமே ஓடுகின்றன. வேகமானது பின்னால் வந்தால் மெதுவானது ஒதுங்க வேண்டும், அல்லது வேகமானது மெதுவாக வர வேண்டும். இதையெல்லாம் காகிதத்தில் முதலில் தீர்த்துவிட்டு அப்புறம் தண்டவாளக் கம்பி போட வேண்டும். சுவிஸ்காரர்கள் 1982-இல் நாடு முழுக்க மணிக்கொரு ரயில் என்று அட்டவணையை ஒழுங்குபடுத்தினார்கள். பிறகு அட்டவணைக்கு எங்கே புதுத் தடம் தேவையோ அங்கே போட்டார்கள். நாம் கம்பியைப் போட்டு ரிப்பனை வெட்டிவிட்டு அட்டவணையைத் தேடுகிற சாதி.

'சரியான நேரம்' என்றதும் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் பெரியப்பா நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். இந்த நாட்டில் மணியே நிலையாக நின்றதில்லை. 1933-இல் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். 1941-இல் இன்னும் 10. மறுவருடம் ஜப்பான்காரன் வந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, நம்மைத் தோக்கியோ நேரத்தில் எழுப்பினான். அவன் போனதும் பழையபடி. கடைசியாக 1981 டிசம்பர் 31, இரவு 11.30 மணியை 12 என்று மாற்றி, கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு நம் நேரத்தைச் சேர்த்தார்கள். மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பெரியப்பா இதை ஏற்கவில்லை. 'என் அரை மணி நேரத்தை எடுத்தவன் திருப்பித் தரட்டும், நானும் முள்ளைத் திருப்பி வைக்கிறேன்' என்று கைக்கடிகாரத்தைப் பழைய நேரத்திலேயே விட்டுவிட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அரை மணி நேரம் பிந்தி வந்து, எல்லாரும் முந்தி வந்துவிட்டதாகக் குறை சொல்வார்.

அவர் காலமானபோது சரியாக மூன்று மணிக்கு எடுப்பதென்று முடிவு. தூரத்து உறவுகள் வந்து சேர்ந்து, பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மூன்றரை. மேசைமேல் கிடந்த அவர் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி.