கேமிங் கம்ப்யூட்டரா, கிளவுடா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்னிடம் இருப்பது ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கேமிங் பிசிக்கு எண்பதாயிரம் கேட்டால் அப்பா முறைக்கிறார். கிளவுட் கேமிங்கே போதும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

கிளவுட் கேமிங்கில் கேம் ஓடுவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில். உங்கள் லேப்டாப்புக்கு வருவது வெறும் வீடியோ. இங்கிருந்து போவது நீங்கள் அழுத்தும் பட்டன்கள். அதனால் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. வரும் வீடியோவை அதன் சிப்பே நேரடியாக விரித்துக் காட்டினால் (ஹார்டுவேர் டிகோட்) போதும். யூடியூபில் 1080பி தெளிவில், செகண்டுக்கு 60 ஃப்ரேம் (காட்சி) ஓடும் வீடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திக்காமல் ஓடினால் லேப்டாப் பாஸ்.

அடுத்து தாமதம். 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். சர்வருக்குப் போய்வர 30 மில்லிசெகண்ட் ஆனால், நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம் பழைய காட்சி. 80 ஆனால் ஐந்து ஃப்ரேம். ஃபைபருக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நெல்லையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,260 கிலோமீட்டர். போய்வர 13 மில்லிசெகண்ட் எந்தக் கொம்பனாலும் குறைக்க முடியாதது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்கள் வேறு. எனவே நடைமுறையில் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வரும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் ஒளிக்கு மட்டுமே 30 மில்லிசெகண்ட். சேவைக்குப் பணம் கட்டுமுன் அதன் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். பிளானில் எத்தனை எம்பிபிஎஸ் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கதை சார்ந்த கேம், கார் ரேஸ், டர்ன் முறை வியூக கேம் என்றால் 40 மில்லிசெகண்டில் தாராளமாக ஆடலாம். மவுஸில் குறிபார்த்துச் சுடும் போட்டி கேம் என்றால் கை சொல்வதும் கண் பார்ப்பதும் ஒட்டாது. கேம்பேடில் இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரியாது, மவுஸில் உடனே உறுத்தும்.

அப்படிப்பட்ட சுடும் கேமான வலோரண்ட்தான் உங்கள் கேம் என்றால் கிளவுட் பேச்சையே விட்டுவிடுங்கள். அதன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடித்தளமான கர்னல் மட்டத்தில் உட்காருவது; ஒரே சர்வரைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் விர்ச்சுவல் மெஷினில் ஆட விடாது. கிளவுட் சேவைகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்த கேமுக்கு இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸும் 4 ஜிபி ரேமுமே குறைந்தபட்சத் தேவை. உங்கள் லேப்டாப்பிலேயே ஓடக்கூடும், முதலில் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் வந்தது. அதில் ஓடுவது கன்சோல் பதிப்பு, கணினிப் பதிப்பு அல்ல. கீபோர்டு, மவுஸ் சில கேம்களில்தான் வேலை செய்யும் என்பதால் ஒரு கேம்பேட் செலவையும் கணக்கில் சேருங்கள். ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போங்கள்.

100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீட் டெஸ்டில் 95 காட்டுகிறது. ஆனாலும் இரவு கிளவுடில் ஆடும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சில சமயம் அரை செகண்ட் நின்றுவிடுகிறது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறட்டுமா?
– மதுரை

வேண்டாம். என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 1080பி, 60 ஃப்ரேமுக்குக் கேட்பதே 25 எம்பிபிஎஸ்தான், 720பி-க்கு 15. உங்களிடம் மூன்று மடங்கு மிச்சம் இருக்கிறது. நோய் வேகத்தில் இல்லை, சீராக வராததில் இருக்கிறது. சினிமா பார்க்கும்போது ஆப் சில செகண்டுக்கான படத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளும், இடையில் லைன் தடுமாறினாலும் தெரியாது. கேமில் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்கள் விரலில் இருப்பதால் முன்கூட்டியே இறக்க எதுவும் இல்லை.

எங்கே தடுமாறுகிறது என்று இப்படிப் பிடியுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரூட்டரின் முகவரிக்குப் பிங் (ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) கொடுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 ஆக இருக்கும். முகவரிக்குப் பின் ஒரு இடைவெளி, கழித்தல் குறி, ஆங்கில 'டி' எழுத்து: ping 192.168.1.1 -t இப்படிக் கொடுத்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் விடுங்கள். வரிக்கு வரி 1, 2, 3 மில்லிசெகண்ட் என்று வந்தால் வீட்டுக்குள் சிக்கல் இல்லை. நடுநடுவே 60, 150 என்று எகிறினால் குற்றவாளி உங்கள் வைஃபை.

வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் 2.4-இல்தான் முட்டிக்கொண்டிருக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ரூட்டர் ஹாலில், நீங்கள் உள்ளறையில் என்றால் ஒரு கேட்-6 லேன் கேபிளை வாசல் நிலை ஓரமாக இழுத்துவிடுங்கள். இதைவிட மலிவான, உறுதியான தீர்வு கிடையாது. ரூட்டரின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் பரவாயில்லை.

ரூட்டர் பிங் சுத்தமாக இருந்தால் இரண்டாவது சோதனை. இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8-க்குப் பிங் ஓடவிட்டு, இன்னொரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். 15-இல் இருந்தது 200-க்குத் தாவினால், ரூட்டர் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, வரிசையில் நிற்கவைக்கிறது. உங்கள் பட்டன் அழுத்தமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் ஸ்மார்ட் கியூ மேனேஜ்மென்ட் வசதியுள்ள ரூட்டர் போட்டு, உண்மை வேகத்தின் 85 – 90 சதவீதத்தை அதில் உச்சவரம்பாக வையுங்கள். வேகத்தில் கொஞ்சம் இழப்பீர்கள், வரிசை கலைந்துவிடும். அதுவரை, ஆடும் நேரத்தில் போன்களின் போட்டோ பேக்கப்பை நிறுத்தி வையுங்கள்.

இரண்டு சோதனையும் பகலில் சரி, இரவில் மட்டும் மோசம் என்றால் நெரிசல் இணைய நிறுவனத்தின் பக்கம். பிங் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிப் புகார் கொடுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்றால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் துப்பாக்கிச் சத்தம் மட்டும் தாமதமாகக் கேட்கிறது.
– திருச்சி

புளூடூத் ஹெட்ஃபோன்தானே? சாதாரண புளூடூத் ஆடியோவே 150 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதம் சேர்க்கும். வயர் ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். டிவியில் ஆடினால் பிக்சர் செட்டிங்கில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்றுவதாகச் சொல்லி டிவி செய்யும் வேலைகள் எல்லாம் தாமதம்தான்.

மொபைல் டேட்டாவில் கிளவுட் கேம் ஆடலாமா? எவ்வளவு டேட்டா செலவாகும்?
– நாகர்கோவில்

25 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 11.25 ஜிபி. தினசரி 2 ஜிபி பிளான் பதினோராவது நிமிடத்தில் காலி. ஃபைபரில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதம் ஆயிரம் ஜிபியைத் தொடும். 'அன்லிமிடெட்' பிளானுக்கும் ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டினால் வேகத்தை அறுத்துவிடுவார்கள். பிளானின் பொடி எழுத்தைப் படியுங்கள்.

கேமிங் பிசி கரன்ட் பில்லை ஏற்றிவிடும் என்கிறார்களே?
– கோவை

ஆடும்போது 350 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் 3 மணி நேரம், 60 நாள்: 63 யூனிட். அதே நேரம் 30 வாட் லேப்டாப்பில் கிளவுடில் ஆடினால் ஐந்தரை யூனிட்டுக்குள். இரு மாதக் கணக்கில் நீங்கள் எந்த ஸ்லாபின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது சில்லறையாகவும் இருக்கலாம், உறுத்தலாகவும் இருக்கலாம்.

ஜிஃபோர்ஸ் நவ் அல்டிமேட் மாதம் 20 டாலர். ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதைவிட இது லாபமா?
– நியூ ஜெர்சி

மூன்று வருடத்துக்கு 720 டாலர். 5080 கார்டு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட விலை 999 டாலர். மற்ற பாகங்கள் தனி. நல்ல லைன் இருந்து, வாரம் பத்து மணி நேரம் ஆடுபவருக்குச் சந்தாதான் லாபம். ஆனால் மாதத்துக்கு 100 மணி நேரம், ஒரு அமர்வுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது. கேம்களை ஸ்டீம், எபிக் போன்ற கடைகளில் நீங்களே தனியாக வாங்க வேண்டும். வாங்கிய எல்லாமும் அங்கே ஓடாது. 2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிஸார்டும் பெதஸ்தாவும் தங்கள் கேம்களை ஒரே மாதத்தில் விலக்கிக்கொண்டன. ஆகவே சந்தா கட்டுமுன் உங்கள் ஸ்டீம் பட்டியலை அவர்களுடைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். கேம் ஃபோல்டரைத் திறந்து மாட் (கேமை மாற்றியமைக்கும் ஃபைல்) போட்டு விளையாடுபவர் என்றால் கிளவுட் உங்களுக்கு ஆகாது.

சேவையையே மூடிவிட்டால்?
– சேலம்

மூடியிருக்கிறார்கள். ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 2010-இல் வந்து 2015 ஏப்ரலில் போனது. கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18 அன்று அணைந்தது. கேம் வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். அந்தச் சேவையில் மட்டுமே செல்லும் கேம்களைக் காசு கொடுத்து வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. மாதச் சந்தா என்றால் அதிகபட்ச நஷ்டம் ஒரு மாதப் பணம்.

மகன் அறையில் நல்ல கேமிங் பிசி இருக்கிறது. ஹால் டிவியில் ஆட இன்னொன்று வாங்க வேண்டுமா?
– தஞ்சாவூர்

தேவையே இல்லை. உங்கள் வீட்டு பிசியே சர்வர் ஆகலாம். பிசியில் படத்தை அனுப்பும் சன்ஷைன், ஆண்ட்ராய்டு டிவியில் அதை வாங்கிக் காட்டும் மூன்லைட், இரண்டும் இலவச மென்பொருள்கள். முதல்முறை டிவியில் தெரியும் நாலு இலக்க எண்ணைச் சன்ஷைனின் செட்டிங் பக்கத்தில் அடித்தால் ஜோடி சேர்ந்துவிடும். 1080பி, 60 ஃப்ரேமுக்கு மூன்லைட்டில் 20 எம்பிபிஎஸ் வையுங்கள். பிசியை ரூட்டரோடு கேபிளில் இணைப்பது முக்கியம். இரண்டு பக்கமும் வைஃபை என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் காற்றில் இருமுறை பயணம் செய்து திக்கும். மானிட்டரை அணைத்ததும் படம் வராமல் போனால், மானிட்டர் இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் எச்டிஎம்ஐ டம்மி பிளக் ஒன்றைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். வெளியூரிலிருந்து ஆட ஆசைப்பட்டால் அப்போது உங்கள் வீட்டு அப்லோடு வேகம்தான் கணக்கு.

பட்ஜெட் முப்பதாயிரம்தான். ஆஃபீஸில் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப் ஒன்று, எட்டாம் தலைமுறை ஐ5, கையில் இருக்கிறது. கிளவுட் ஒன்றுதான் வழியா?
– சென்னை

இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் தனி பவர் வயர் தேவையில்லாத மாடல்கள் கிடைக்கும். ஆஃபீஸ் டெஸ்க்டாப்பின் சிறிய எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) பெரும்பாலும் தாங்கும். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட், பவர் வயர் கேட்கும், உங்கள் பெட்டியில் அந்த வயரே இருக்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது பெட்டியில் '6 ஜிபி' என்று பார்த்து வாங்குங்கள். மெலிந்த கேபினட் என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடல்தான் உள்ளே போகும். ஸ்லாட்டின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். ரேம் 8 ஜிபி மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொரு 8 சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி இரட்டைச் சேனலாக்குங்கள். 1080பி, மீடியம் செட்டிங்கில் பெரும்பாலான கேம்கள் ஓடும்.

கார்டைப் போட்டபின் மானிட்டர் வயரைக் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே விட்டுவிட்டு, "கார்டு வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திரும்ப வருபவர்கள் நிறையப் பேர்.