ஏர் பியூரிஃபையருக்கு முன் சன்னலைப் பாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள ஒரே அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஸ்ப்ளிட் ஏசி ஓடுவதால் சன்னல்கள் மூடியே கிடக்கின்றன. பிற்பகலில் தலைவலியும் கண்ணெரிச்சலும் வருகின்றன. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகின்றன. ஏர் பியூரிஃபையர் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் தரச் சொல்கிறார் முதலாளி. அயனைசர் (காற்றில் மின்னூட்டம் ஏற்றும் பாகம்) உள்ளதை வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் பணம் தரவேண்டியதில்லை. பணியிடத்தை ஊழியரின் உடல்நலத்துக்குக் கேடில்லாமல் இயன்றவரை பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம் (பிரிவு 8). அந்தச் சட்டப்படி அவர் செய்தாகவேண்டியதற்காக உங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்வதையும், உங்களைப் பணம் கட்டச் சொல்வதையும் 23ஆம் பிரிவு தடுக்கிறது.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. எட்டுப் பேர் விடும் மூச்சு காலையிலிருந்து அங்கேயே சேர்கிறது. திறந்த வெளியில் ஏறக்குறைய 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும் கரியமில வாயு, இப்படிப்பட்ட அறையில் 1,500ஐத் தாண்டுவது எளிது. அந்த அளவில் அது நஞ்சல்ல. ஆனால் காற்று மாறவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஏர் பியூரிஃபையர் தூசியைப் பிடிக்குமே தவிர, இந்த வாயுவைத் தொடாது.

ஆகவே முதலில் வாங்கவேண்டியது ஒரு கரியமில வாயு மானி. பெட்டியில் ‘என்டிஐஆர்’ (NDIR) சென்சார் என்று போட்டிருக்கவேண்டும்; அது அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவையே நேரடியாக அளக்கும். மலிவான சில மானிகள் வேறு ஆவிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும்; பக்கத்தில் சானிடைசரைக் கையில் தேய்த்தால் போதும், எண் தாவி ஏறும். உண்மையான மானி அதற்கு அசையாது. எண் 1,000ஐத் தாண்டும்போதெல்லாம் எதிரெதிர் சன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவைத்து, எண் இறங்குகிறதா, தலைவலி குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்துவாருங்கள். கண்ணெரிச்சலுக்கு ஏசியின் வலையைக் கழற்றிப் பாருங்கள். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் அலமாரிக்குப் பின்சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாலைப் புகையும் தூசியும் உள்ளே வருமானால் ஏர் பியூரிஃபையரும் தேவைதான். உங்கள் அறையின் கொள்ளளவு 81 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்றைச் சுத்தம் செய்ய, ‘சிஏடிஆர்’ (CADR, கருவி தரும் சுத்தமான காற்றின் அளவு) என்று பெட்டியில் இருக்கும் எண் மணிக்கு 405 கன மீட்டராவது இருக்கவேண்டும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இருந்தால் போதும், அயனைசர் வேண்டாம். அயனைசரில் சில வகைகள் ஓசோன் வாயுவை வெளிவிடும், அது நுரையீரலை எரிச்சலூட்டும். ‘கிருமியைக் கொல்லும்’ என்று கடைக்காரர் புகழ்வது இந்த அயனைசரைத்தான்.

வாங்கும்போது, எட்டுப் பேர் இருக்கும் இந்த அளவு அறைக்கு என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சொன்ன நோக்கத்துக்குப் பொருள் உதவாவிட்டால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்பதை முடிவுசெய்வது வாங்கியவரே. ஆனால் வாங்குவது கம்பெனியாக இருந்து, அதன் சொத்து மதிப்போ ஆண்டு விற்றுமுதலோ 20 லட்சம் ராண்டை எட்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்போது கடையின் சொந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். மாற்று வடிகட்டியின் விலையையும் அன்றே விசாரியுங்கள்; அந்தக் கடையில் அது கிடைக்காது என்றால் அந்த மாடலே வேண்டாம்.