வாசகர் கேள்வி – பதில்: பழைய கிராஃபிக்ஸ் கார்டும் கடற்கரைக் காற்றும்

கேள்வி: ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்றை என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். இப்போது கேம் விளையாடுவதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 570, ஆர்எக்ஸ் 580 ஆகிய நான்கும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கின்றன. ராமநாதபுரத்தில் விசாரித்த கடையில், 580தான் வேகமானது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எதை வாங்குவது? – வாசகர், கீழக்கரை

பதில்: வேகத்தை மட்டும் பார்த்தால் கடைக்காரர் சொல்வது சரிதான். நீங்கள் குறிப்பிட்ட நான்கில் 580 முதலிடத்திலும், அதையடுத்து 570, 1650, 1050 டிஐ என்ற வரிசையிலும் நிற்கும். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது அலுவலகக் கணினி என்பதால், கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மீது ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்யும் இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் 240 முதல் 290 வாட் வரையிலான எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் 6 பின் அல்லது 8 பின் வயர் அதிலிருந்து வராது. பல மாடல்களில் மதர்போர்டுக்குச் செல்லும் பிளக்கே அந்த நிறுவனத்தின் தனி அமைப்பாக இருப்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டிவிடவும் முடியாது.

மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட், விதிமுறைப்படி அதிகபட்சம் 75 வாட் தரும். 2016 அக்டோபரில் வந்த 1050 டிஐயும், 2019 ஏப்ரலில் வந்த 1650உம் அந்த 75 வாட்டுக்குள் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 2017 ஏப்ரலில் வந்த 570க்கு 150 வாட்டும், உடன் வந்த 580க்கு 185 வாட்டும் வேண்டும். வயர் இல்லையென்றால் என்ன, சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னாக மாற்றும் அடாப்டர் இருக்கிறதே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்த அந்தப் பிளக்கின் 12 வோல்ட் பின்கள் 54 வாட்டுக்கு மேல் தாங்குவதற்கு உருவானவை அல்ல. 8 பின் வழியாகவோ கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகிய வாடை அறைக்குள் வந்த பிறகு கார்டைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

ஆகவே உங்கள் மகனுக்கு என் பரிந்துரை 1650. அதிலும் 6 பின் சாக்கெட் இல்லாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள்; சில தயாரிப்பாளர்கள் அதே 1650ஐ 6 பின் சாக்கெட்டுடனும் விற்றார்கள். கேபினெட் ஒல்லியான வகையாக இருந்தால் உயரம் குறைந்த, லோ புரொஃபைல் எனப்படும் கார்டுதான் உள்ளே நுழையும். அப்படிப்பட்ட கணினிகள் சிலவற்றில் ஸ்லாட் முழு 75 வாட்டையும் தருவதில்லை என்பதால், மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 1650இல் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2019இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது, நொடிக்கு 128 ஜிபி தகவலைக் கடத்துவது. 2020இல் வந்தது ஜிடிடிஆர்6, நொடிக்கு 192 ஜிபி. இரண்டும் ஒரே பெயரில்தான் விற்பனையாகின்றன. விலை ஒன்றாக இருந்தால் பின்னதை எடுங்கள்.

1050 டிஐ மிக மலிவாகக் கிடைத்தால் பழைய விளையாட்டுகளுக்குக் குறை வைக்காது. 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5ஐ முழு எச்டி திரையில் நடுத்தர அமைப்பில் அது தாராளமாக ஓட்டும். வாலரன்ட் போன்ற விளையாட்டுகளில் கார்டைவிட பிராசசர்தான் வேகத்தை முடிவு செய்யும். ஆனால் அது பாஸ்கல் தலைமுறைக் கார்டு. புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, இந்தத் தலைமுறைக்கு வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறது. 1650 அதற்கடுத்த டூரிங் தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் அந்த அறிவிப்புக்குள் வரவில்லை. ஏஎம்டியும் 570, 580 ஆகியவற்றை 2023இலேயே முதன்மை டிரைவர் வரிசையிலிருந்து பிரித்துத் தனி வரிசைக்கு மாற்றிவிட்டது.

இதையெல்லாம் படித்த பிறகும் 580 மீது மனம் இருந்தால், கணினியையே சாதாரண கேபினெட்டுக்கும் நம்பகமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மாற்றுகிற செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். 450 வாட் என்று எழுதிவிட்டு 16 ஆம்பியர் போட்டிருந்தால் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்தான். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் வைத்திருந்தால், விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் 580 வைத்த கணினியை அது தாங்குமா என்பதும் ஐயமே.

580 வாங்குவதானால் 2048 எஸ்பி என்ற பெயரில் வரும் கார்டை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். உண்மையான 580இல் 2,304 கணக்கீட்டுக் கூறுகள் உண்டு. சீனச் சந்தைக்காக 2018இல் வந்த அந்த வகையில் இருப்பது 570க்குரிய 2,048. மோசமான கார்டு என்று சொல்ல முடியாது. 570 விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் எண்ணிக்கை கண்ணெதிரே தெரிந்துவிடும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் ஆர்எக்ஸ் 570 8 ஜிபி ஒன்று கிடைக்கிறது, மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கீட்டில் ஓடியது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். இங்கே தெரிந்த தம்பி ஒருவரிடமும் அதே கார்டு இருக்கிறது. அவர் வெளிநாடு போனதிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் கணினியோடு சும்மா கிடக்கிறது. அதிகம் ஓடாத இதுதானே நல்லது? – வாசகர், பாம்பன்

பதில்: மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர் கேட்டிருந்தால் ஆமாம் என்று எழுதியிருப்பேன். பாம்பனிலிருந்து கேட்பதால் தயங்குகிறேன். உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிப்பதற்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தேர்ந்தெடுத்த இடமே உங்கள் பக்கத்து ஊரான மண்டபம்தான் என்றால், அந்தக் காற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

கார்டின் மேல் படியும் தூசியில் உப்பும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே, 33 சதவீத அளவிலேயே கசியும். தினமும் ஓடுகிற கார்டு சூட்டில் காய்ந்துவிடுகிறது. சும்மா கிடக்கும் கார்டின் மேல் அந்த உப்பு ஈரம் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும். சுவர் ஸ்விட்சை அணைக்காமல் விட்டிருந்தால், கணினி அணைந்திருந்தாலும் போர்டில் சிறு மின்னோட்டம் இருந்துகொண்டே இருப்பதால் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும்.

எனவே தம்பியின் கார்டை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்லாட்டில் செருகும் தங்க முலாம் பூசிய பற்களில் கரும்புள்ளி இருக்கிறதா, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, செப்புக் குழாயிலும் சால்டர் வைத்த இடங்களிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். பின்பக்க இரும்புப் பட்டையில் லேசான துரு இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். நம் ஊரில் அது தவிர்க்க முடியாதது. சிப்பைச் சுற்றியுள்ள சிறு உதிரிபாகங்களின் காலடியில் பச்சை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மைனிங் கார்டைப் பற்றி மக்களிடம் உள்ள அச்சம் சற்று மிகையானது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையையே கைவிட்டதால்தான் இந்தக் கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவை பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தத்தில் ஒரே சீரான சூட்டில் ஓடியவை. முதலில் தேய்வது விசிறிகளின் பேரிங்கும் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும், நாளடைவில் காய்ந்துபோகும் தெர்மல் பேஸ்டும்தான், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மட்டும் மைனிங்குக்காக மாற்றியிருப்பார்கள். அசல் பயாஸைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ சிதறுகின்றனவா என்று கூடவே நின்று பாருங்கள். இந்த இரண்டிலும் தேறினால் ரிச்சி தெருக் கார்டையே நான் எடுப்பேன்.

வாங்கியபின் கணினியைக் கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்யும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதில் உப்பு கரைவது மிகக் குறைவு. விசிறியையும் ஹீட்சிங்கையும் கழற்றிய பிறகு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் போர்டைத் துடைத்து, அதன்மேல் ஆல்கஹால் தடவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலரவிட்டு, புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து மாட்ட வேண்டும். பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கிடம் இந்த வரிசையைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: செகண்ட்ஹேண்ட் தலைவலியே வேண்டாம் என்று புதிய ஜிடி 1030 அல்லது ஜிடி 710 வாங்க நினைக்கிறேன். சரியா? – வாசகர், தொண்டி

பதில்: 710 படம் பார்ப்பதற்கும் கூடுதல் மானிட்டர் இணைப்பதற்கும் உதவுமே தவிர, விளையாட்டுக்கு ஆகாது. 1030 எளிய விளையாட்டுகளுக்குப் பரவாயில்லை. ஆனால் 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் நொடிக்கு 48 ஜிபி கடத்தியது, 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 வைத்து இறக்கியது 17 ஜிபியைக்கூட எட்டாது. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் டிடிஆர்4 என்றிருந்தால் அதை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.