காட்டும் பணம், கரையும் பணம்: வெளிநாட்டுப் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆனி, ஆடி மாதங்களில் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்களிடம் முதலில் ஒரு தாளைக் கொடுத்து மூன்று பத்தி போடச் சொல்வேன். விசாவுக்குக் காட்டும் பணம் முதல் பத்தி. அங்கே இறங்கியதும் கரையும் பணம் இரண்டாவது. படிப்பு முடிந்து கட்ட வேண்டிய பணம் மூன்றாவது. பலர் மூன்றையும் ஒரே தொகையாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளிலும் அதே குழப்பம்தான் அதிகம்.

ஜெர்மனியில் படிப்புக்குக் கட்டணமே இல்லை என்கிறான் மகன். பிறகு எதற்கு 12 லட்சம் ரூபாய்? எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் ரப்பர்.
— மார்த்தாண்டம் அருகிலிருந்து ஒரு தந்தை

மகன் சொல்வது பெரும்பாலும் சரி. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017-லிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் (செமஸ்டருக்கும்) 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. முதுநிலைப் படிப்புகளுக்கு அது பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. ஆகவே சேர்க்கைக் கடிதம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்த 12 லட்சம் கட்டணமல்ல. உங்கள் மகனின் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான காசு. முடக்கக் கணக்கு என்ற ஒன்றில் 11,904 யூரோ போட வேண்டும். ஒரு யூரோவை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 12 லட்சம். மாதத்துக்கு 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. பணம் உங்களுடையதுதான், எங்கும் போய்விடாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே போய், முகவரியைப் பதிவு செய்து, உள்ளூர் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகுதான் அந்த 992 வரத் தொடங்கும். அதற்குள் அறைக்கு முன்பணம் கேட்பார்கள். சட்டப்படி அடிப்படை வாடகையின் மூன்று மடங்கு வரை கேட்கலாம். அறை வாடகையே 400 யூரோ என்றால் முன்பணம் 1,200, முதல் மாத வாடகை 400, பல்கலைக்கழகத்துக்குப் பருவப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீட்டின் முதல் தவணை. மழை மாதத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றாலும் வீட்டுச் செலவு நிற்பதில்லையே, அதே கதைதான். முடக்கக் கணக்குக்கு வெளியே குறைந்தது இரண்டரை லட்சம் ரூபாயாவது கையில் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

அங்கே வாடகை இரண்டு விதமாகச் சொல்லப்படும். வெறும் வாடகை 'குளிர்' வாடகை. சூடேற்றும் செலவும் தண்ணீரும் சேர்ந்தது 'சூடான' வாடகை. விளம்பரத்தில் சிறிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டில் தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். ஏமாற்று வேலை என்று கிழித்துப் போட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால் நான்கு பேர் சேர்ந்திருந்தால் பகிர்ந்துகொள்ளலாம்.

விசாவுக்கு முன் சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்றும் இருக்கிறது. ஏபிஎஸ் என்பார்கள், கட்டணம் 18,000 ரூபாய். அது கைக்கு வராமல் விசா விண்ணப்பத்துக்குப் போக முடியாது என்பதால் அதை முதல் வேலையாக முடியுங்கள்.

லண்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்பு. வங்கியில் இருப்புக் காட்ட ஏஜெண்ட் ஒருவர் பணம் ஏற்பாடு செய்து தருவதாகவும் அதற்கு வட்டி தனி என்றும் சொல்கிறார். துபாயில் சித்தப்பா இருக்கிறார். அவர் கணக்கைக் காட்டலாமா?
— தக்கலையிலிருந்து ஒரு மாணவர்

தம்பி, ஏஜெண்டை விட்டுவிடுங்கள். பொய் ஆவணம் கொடுத்ததாகத் தெரிந்தால் இந்த விசா மட்டும் போவதில்லை. பிரிட்டனுக்குள் நுழையப் பத்து ஆண்டு வரை தடை விழும். இருபத்திரண்டு வயதில் அது சின்ன விஷயமல்ல.

சித்தப்பா கணக்கு செல்லாது. உங்கள் கணக்கு அல்லது பெற்றோர் கணக்கு மட்டும்தான். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்தப்பா உதவ நினைத்தால் அப்பா கணக்குக்கு அனுப்பட்டும். அனுப்பிய நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்: தொடர்ந்து 28 நாள் தேவையான தொகைக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது. இருபதாம் நாள் அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் எடுத்து இருப்பு குறைந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். இதனால் செப்டம்பர் சேர்க்கை ஜனவரிக்குத் தள்ளிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். வீட்டுத் தேவைக்கு வேறு கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பாவிடம்.

தொகை எவ்வளவு? 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும்: முறையே 13,761, 10,539. இதோடு இன்னும் கட்டாத முதலாண்டுக் கட்டணமும் சேரும். தவிர, மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா வழக்கமாகப் பதினாறு மாதம் தருவார்கள் என்பதால் 1,164 பவுண்டை விண்ணப்பத்தோடேயே கட்ட வேண்டும். இது காட்டும் பணமல்ல, கையைவிட்டுப் போகும் பணம். இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகைக்கடனுக்கு ஓடி வந்தவர்கள் நிறையப் பேர்.

என் அக்கா மகன் கனடா போனபோது 10,000 டாலர் போட்டால் போதும் என்றார்கள். இப்போதும் அதுதானே?
— திங்கள்சந்தை

இல்லை. அது 2023 முடிவோடு போயிற்று. 2024 ஜனவரியில் 20,635 கனடிய டாலர் ஆனது. 2025 செப்டம்பர் முதல் 22,895. கட்டணமும் பயணச் செலவும் இதில் அடங்காது. உறவினர் வீட்டுக் கணக்கு பழைய பஞ்சாங்கம் மாதிரி; அந்த ஆண்டுக்கு மட்டும்தான் பலன் சொல்லும்.

இருபது லட்சம் கல்விக் கடன் வேண்டும். வீடும் பத்து சென்ட் நிலமும் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். படித்து முடித்த பிறகு கட்டினால் போதும் என்பது உண்மையா?
— குளச்சலிலிருந்து ஒரு மாணவி

பட்டாவில் தொடங்குவோம். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்து என வரிசையாக வேண்டும். அத்தைமார் இரண்டு பேர் கல்ஃபில் இருந்தால் கையெழுத்துக்கே மூன்று மாதம் ஆகும். சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். மதிப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. கடன் தள்ளிப்போவது பெரும்பாலும் இந்தக் காகிதங்களால்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கி முழுத் தொகையும் தராது. மொத்தச் செலவில் 15 சதவீதம் உங்கள் பங்கு. அதையும் ஏலச்சீட்டு எடுத்துச் சமாளிப்பதாக இருந்தால், சீட்டுத் தவணையையும் மூன்றாவது பத்தியில் எழுதுங்கள்.

'படித்த பிறகு கட்டினால் போதும்' என்பது பாதி உண்மை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இருபது லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இரண்டு லட்சம். இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் சேர்ந்து, முழுத்தொகையும் முதல் நாளே வாங்கியிருந்தால், ஆறு லட்சம். அதை அசலோடு சேர்த்து இருபத்தாறு லட்சத்தைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 34,000 ரூபாயைத் தாண்டும். வட்டியை மட்டும் அவ்வப்போது வீட்டில் கட்டி வந்திருந்தால் அதே தவணை 26,500 ரூபாய்க்குள் நிற்கும். மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம் வட்டி கட்ட வீட்டில் முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். மீன்பிடித் தடைக்காலத்து இரண்டு மாதத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

பருவத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் அவ்வப்போது விடுவிக்கச் சொல்லுங்கள். வாங்காத பணத்துக்கு வட்டி இல்லை.

பகுதிநேர வேலை பார்த்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார்களே?
— அருமனை

முடியாது. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48, ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் 21 வயதானவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. இருபது மணி நேரத்துக்கு 244 பவுண்டு. தேர்வு வாரத்திலும் வேலைக்குப் போனால்தான் அது முழுசாக வரும். வேலை கிடைக்கவே இரண்டு மாதம் ஆகலாம்.

பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் பெரும்பாலும் சுயதொழிலாகத்தான் கணக்கு வைக்கின்றன. அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் விசாவே போகும். உங்கள் மகன் சைக்கிள் வாங்கப் பணம் கேட்டால் எதற்கு என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

கட்டணம் அனுப்பும்போது வங்கியில் வரி பிடிக்கிறார்களாமே?
— வடசேரி

ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், மேற்பட்ட பகுதிக்கு மட்டும் பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு இது கிடையாது. பிடித்ததை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். மார்ச் கடைசியில் பாதியும் ஏப்ரலில் பாதியும் அனுப்ப முடிந்தால் தலைவலியே இல்லை.

மகளுக்குப் பெட்டியில் என்னென்ன போட்டு அனுப்பலாம்? இங்கிலாந்து போகிறாள். கடையில் வாங்கிச் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்கிறாள்.
— குலசேகரத்திலிருந்து ஒரு தாய்

உங்கள் மகள் கெட்டிக்காரி அம்மா. சமைக்கத் தெரிந்த பிள்ளையின் மாதச் செலவும் தெரியாத பிள்ளையின் மாதச் செலவும் வானத்துக்கும் பூமிக்கும். பெட்டியைவிட, போகும் முன் பத்து நாள் அடுக்களையில் நிற்க வைப்பது பெரிய உதவி. ரசம், ஒரு குழம்பு, ஒரு துவரன் தெரிந்தால் போதும்.

அரிசி, பருப்பு, புளி எல்லா ஊரிலும் கிடைக்கும். மரச்சீனிக்கிழங்குகூட ஆப்பிரிக்கர்கள் நடத்தும் கடைகளில் கிடைக்கும். எனவே விமானப் பெட்டியின் 23 கிலோவில் அரிசியை அடைக்க வேண்டாம். வீட்டில் வறுத்துத் திரித்த மீன்குழம்புப் பொடி, சுக்கு, கருப்பட்டி, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று. மின்சாரம் அங்கும் 230 வோல்ட் என்பதால் சிறிய மிக்ஸி, பிளக் மாற்றியோடு வேலை செய்யும். (கனடா போகிற பிள்ளைக்கு இது பொருந்தாது, அங்கே 120 வோல்ட்.)

கொப்பரைத் தேங்காய் போடவே கூடாது. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத்தில் தடை. தேங்காய் நாட்டிலிருந்து போகிற நமக்கு இது மனசுக்குக் கஷ்டம்தான். இறைச்சியும் பால் பொருட்களும் எல்லையில் பறிமுதல் ஆகும். நெய்யும் கோழி ஊறுகாயும் வேண்டாம். கருவாடு சட்டப்படி போகும். ஆனால் அதே பெட்டியில் புது ஸ்வெட்டரை வைத்தால் முதல் வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஸ்வெட்டர் பற்றி ஒன்று. பேச்சிப்பாறையில் மார்கழிக் குளிருக்குப் போர்வை எடுத்தவர்கள் நாம். கனமான குளிராடை நாகர்கோவில் கடைகளில் வாங்குவது வீண். உள்ளே போடும் சூட்டுடை இரண்டு ஜோடி இங்கே வாங்குங்கள். மேலங்கியும் காலணியும் அங்கே, பழையதாகக்கூட, நல்லதாகக் கிடைக்கும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து மட்டும். சிக்கல் வருமா?
— தோவாளை

வரலாம். விண்ணப்பம், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்துவதென்றால் விசாவுக்கு முன்பே திருத்துங்கள்.

மகளுக்கு எந்த நேரத்தில் போன் செய்யலாம்? போனவுடன் எடுப்பதே இல்லை.
— குலசேகரத்துத் தாயே மறுபடியும்

நம் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுங்கள். கோடையில் அங்கே மாலை நாலரை. அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு மூன்றரை. காலையில் நாம் எழுந்து காப்பி குடிக்கும்போது அவளுக்கு நள்ளிரவு, எப்படி எடுப்பாள்? எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், தவணைக் கணக்கை அப்பா மாதக் கடைசியில் எழுதி அனுப்பட்டும்.