கணக்கில் முந்தும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: நாங்கள் பெரம்பலூர் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் ஒன்பது வயது மகள், பக்கத்து வீட்டுப் பையனின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி வந்து தானாகவே போட்டு முடித்துவிட்டாள். வகுப்பிலோ வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, ஆசிரியை பேசும்போது குறுக்கிடுகிறாள் என்று மாதம் ஒரு புகார் வருகிறது. கையெழுத்தும் ஆங்கிலமும் சுமார்தான். டபுள் புரமோஷன் வாங்கி நேரே ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார் என் மாமனார். சென்னைக்குக் குடிபெயர்ந்து, ஆறாம் வகுப்பிலிருந்தே ஐஐடிக்கு ஃபவுண்டேஷன் பயிற்சி தரும் பெரிய பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார் கணவர். எதைச் செய்வது?
– ஒரு தாய், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, புகார்களைக் கண்டு முதலில் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். எப்போதோ தெரிந்துகொண்டுவிட்ட வகுத்தல் கணக்கை இருபது முறை எழுதச் சொன்னால், எழுத மறுப்பதும் விடையை முந்திச் சொல்வதும் ஒன்பது வயதுக்கு இயல்பானவை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியையையும் இதில் குறை சொல்ல முடியாது.

வகுப்பு தாண்டுவது பிள்ளையின் மனத்தைக் கெடுத்துவிடும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. 1971இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு, கணிதத்தில் மீத்திறன் மிக்க பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. விரைந்து முன்னேற விடப்பட்டவர்கள் பொதுவாக அதனால் பாதிக்கப்படவில்லை என்பதே அதில் தெரிந்தது. ஆனால் எல்லாப் பாடங்களிலும் முந்தி நிற்கும் பிள்ளைக்குத்தான் முழு வகுப்பைத் தாண்டுவது பொருந்தும். உங்கள் மகள் முந்துவது ஒரே பாடத்தில். கணக்குக்காக அவளை ஆறாம் வகுப்புக்கு அனுப்பினால், அங்கே ஆங்கிலக் கட்டுரையில் அவள் கடைசியாக நிற்பாள். இன்று ஒரு வகுப்பும் நாளை இன்னொரு வகுப்புமாகத் தாண்டிப் பதினைந்து வயதில் பிளஸ் டூ முடித்தவள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற நீட் விதியின் முன் இரண்டு ஆண்டுகள் காத்து நிற்கவும் நேரும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975இல் பிறந்த கணித மேதை டெரன்ஸ் டாவோவின் பெற்றோர் வேறொரு வழியைத் தேர்ந்தார்கள். பள்ளியோடு பேசி, கணக்குக்கு மேல்வகுப்பிலும் மற்ற பாடங்களுக்கு அவற்றுக்குத் தக்க கீழ்வகுப்பிலும் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவர் 1988இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கமும் 2006இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார் என்பதை விட, ஒரே சிறுவனுக்காக ஒரு பள்ளி தன் கால அட்டவணையை வளைத்துக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீங்கள் கேட்க வேண்டியதும் அதைத்தான். அவள் போட்டு முடித்த கணக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பாருங்கள். பெருமை பேசாமல், சண்டைக்கும் நிற்காமல், "கணக்குப் பாடவேளையில் மட்டும் ஏழாம் வகுப்பில் உட்கார அனுமதியுங்கள், ஒரு பருவம் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பி வந்துவிடட்டும்" என்று கேளுங்கள். ஒரு பருவம் என்று எல்லை வகுத்துக் கேட்கும்போது பலர் இசைகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்கு ஆசிரியையாக இருந்த பள்ளியில் இதே வேண்டுகோளுடன் ஒரு தகப்பனார் வந்தார். விதியில் இடமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தப் பையன் கை தூக்குவதையே நிறுத்திவிட்டான். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

ஃபவுண்டேஷன் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போகும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே பெரும்பாலும் நடப்பது, மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே ஓட்டுவதும் வாரந்தோறும் தேர்வு வைப்பதும்தான். அவள் தேடுவது அரைமணி நேரம் யோசித்தாலும் பிடி கொடுக்காத கணக்குகளை. சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியில் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கென்று கணித மேதை காஸின் பெயரில் ஒரு பிரிவு உண்டு. அதன் பழைய வினாத்தாள்களை இப்போதே கொடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கணித ஒலிம்பியாடின் முதற்கட்டத் தேர்வை எழுதலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழையும் வீட்டுக்கு வரவழையுங்கள். என்றாவது பள்ளி மாற்ற நேர்ந்தால், தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதோடு நிற்காமல், பாடத்தில் இல்லாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார் என்பதையும் கேளுங்கள்.

ஆங்கிலத்தையும் கையெழுத்தையும் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதால் அந்தத் தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. என்ற அந்நாளைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அவருடைய திறமையைக் கண்டுகொண்ட கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி அவருக்குக் கிடைத்தார் என்பதற்காக, அப்படியே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளுக்கு அரைமணி நேரம், அவளுக்குப் பிடித்த கணக்கு ஒன்றின் விடைக்கு எப்படி வந்தாள் என்பதை முழு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. தமிழும் ஆங்கிலமும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். எல்கேஜியை விட்டுவிட்டு நேராக மேல்வகுப்பில் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் ஐயா. மேலே சொன்ன டாவோவையும் அதே மூன்றரை வயதில் ஒரு பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். பாடம் அவருக்கு எளிதுதான், ஆனால் தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு ஒரு நாள் முழுவதும் வகுப்பில் இருக்க முடியவில்லை. சில வாரங்களில் பெற்றோர் அவரை வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டு, ஐந்து வயதில் மீண்டும் சேர்த்தார்கள். உங்கள் மகன் எல்கேஜியில் மணலில் விளையாடட்டும். வீட்டில் மாலைதோறும் அவன் எடுத்து வரும் புத்தகத்தை, அது எந்த வகுப்புக்கானது என்று பார்க்காமல், உடன் உட்கார்ந்து வாசியுங்கள்.