கணபதி ஸ்தபதியைச் சிற்பி என்று சொன்னால் போதாதா?

கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்தவரைச் சிற்பி என்று சொல்லாமல் ஏன் ஸ்தபதி என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். அவர் 1927இல் பிறந்த பிள்ளையார்பட்டி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: சிற்பி என்றால் போதாது.

சிற்ப நூல்கள் நால்வரைச் சொல்கின்றன. நூல் பிடித்து அளவு காப்பவர் சூத்திரகிராகி, வெட்டிச் செதுக்குபவர் தட்சகர், இணைத்துப் பொருத்துபவர் வர்த்தகி. இவர்களுக்கு மேலே, கல் வந்து இறங்கும் முன்பே கோயிலை மனத்தில் கட்டி முடித்தவர்தான் ஸ்தபதி. கணபதி ஸ்தபதி தந்தை வைத்தியநாத ஸ்தபதியிடம் தொழில் கற்றார், அழகப்பா கல்லூரியில் கணிதமும் படித்தார். வள்ளுவர் சிலையில் அந்தக் கணக்கைப் பாருங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். சிலை 95 அடி, மற்ற இரண்டு பாலின் அதிகாரங்கள். இவ்வளவு உயரக் கற்சிலைக்கு இடுப்பில் ஒரு மெல்லிய வளைவும் கொடுத்து நிற்க வைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிது. 2004 சுனாமி அலையையும் அது தாங்கிவிட்டது.

ஸ்தபதியின் கண் எப்படிப்பட்டது என்பதைச் சிறுவயதில் நேரில் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் திருப்பணியில் முன்மண்டபத் தூண் ஒன்று முக்கால்வாசி முடிந்திருந்தது. வேலை செய்தவர் உளியை நிறுத்திவிட்டு, "ஐயா, சத்தம் மாறுகிறது" என்றார். ஸ்தபதியான பெரியவர் வந்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு குடத்துத் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றிவிட்டு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். வெயிலில் கல் காய்ந்து வெளுத்தது. காவி நூல் அடித்த கோட்டுக்குக் குறுக்கே, தலைமயிர் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் ஈரம் காயாமல் கறுப்பாக நின்றது. விரிசல்.

இரண்டு மாத உழைப்பு. அவர் யாரையும் திட்டவில்லை. "வேறு கல் எடுங்கள். நாளைக்கு இதன் தலையில் உத்தரம் ஏறும், அடியில் குழந்தைகள் உட்காரும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தூண் இன்றும் ஊருணிக் கரையில் படுத்திருக்கிறது. பாதி மலர்ந்த தாமரை ஒன்று அதில் தெரியும். ஊருக்குப் போனால் சாயங்காலம் அதன்மேல்தான் உட்காருகிறேன்.