பதில்: 2022 அமெரிக்க இடைக்காலத் தேர்தல் – நாடு தழுவிய வாக்கு எண்ணிக்கை ஏன் குழப்புகிறது

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான மொத்த வாக்கில் குடியரசுக் கட்சி முந்தியும், 222-213 இடங்கள் என்று மயிரிழையில்தான் பெரும்பான்மை கிடைத்தது. மேலவையான செனட்டும் கைக்கு வரவில்லை. மக்கள் யாரைத்தான் ஆதரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த மொத்தக் கணக்கை ஓரம் வையுங்கள். எதிர்க்கட்சி வேட்பாளரே நிறுத்தாத தொகுதிகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் போட்டியின்றி வென்றவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே வராது; அவருக்கான வாக்கே கணக்கில் சேராது.

அதைவிட ஒரே மாநிலத்தில், ஒரே வாக்குச்சீட்டில், ஒரே கட்சியின் இரு வேட்பாளர்களை ஒப்பிடுங்கள். ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் கெம்ப் சுமார் 53% வாங்கி ஜெயித்தார். அதே நாளில் அக்கட்சியின் செனட் வேட்பாளர் வாக்கர் பெற்றது 48.5%தான். சுமார் 2 லட்சம் வாக்கு குறைவு! செனட் போட்டியில் யாருக்கும் 50% இல்லாததால் டிசம்பர் 6 மறுசுற்று. அதில் வாக்கர் தோற்றார். கட்சி அலை என்று பேசுவோர் இந்த இடைவெளியைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரு பிரச்சினைக்கு வாக்காளரிடம் உள்ள எடையை அறிய, வேட்பாளர் பெயரே இல்லாத பொதுவாக்கெடுப்பு உதவும்: குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸ், ஆகஸ்ட் 2022-இல் மாநில அரசியலமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை ஏறக்குறைய 59-41 என்று நிராகரித்தது.

நீங்கள் எழுதும் கட்டுரையில் மாவட்டவாரி எண்களைப் போடுவதானால், மாநிலச் செயலர் (பல மாநிலங்களில் தேர்தலுக்குப் பொறுப்பான அதிகாரி) அலுவலகம் சான்றளித்த இறுதி முடிவையே எடுங்கள். தேர்தல் இரவு எண்களில் தபால் வாக்கு முழுதாகச் சேர்ந்திருக்காது.